ஒற்றைக் கிரவுனா, இரட்டைக் கிரவுனா? மலைச் சைக்கிள் ஃபோர்க் பற்றி விற்பவர் அறிய வேண்டியவை

பொருளறிவுப் பாடம்



துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே பழசா புதுசா என்று சொல்லிவிடுவோம். வெல்லத்தை நுனி நாக்கில் வைத்தால் தரம் தெரிந்துவிடும். இது நமக்குப் பரம்பரையாக வந்த அறிவு. ஆனால் இன்றைக்கு நம்மில் பலர் மளிகையோடு நிற்பதில்லை. பிளாஸ்டிக் சாமான், மின்சாரப் பொருள், குழந்தைகள் சைக்கிள் என்று பக்கத்தில் ஒரு சிறு வியாபாரமும் செய்கிறோம். அந்தப் பொருள்களில் நமக்கு எவ்வளவு அறிவு இருக்கிறது? கொண்டுவந்து கொடுக்கும் ஏஜெண்ட் சொன்னதைத்தானே வாடிக்கையாளரிடம் திருப்பிச் சொல்கிறோம்? அப்படிச் சொல்லி நான் பட்ட பாட்டை முதலில் எழுதிவிட்டுப் பாடத்துக்குப் போகிறேன்.

ஏன் இந்தப் பாடம்?

என்னுடையது மளிகைக் கடை. பக்கத்துக் கடை காலியானபோது அதையும் வாடகைக்கு எடுத்து, மைத்துனர் பொறுப்பில் சைக்கிள் விற்பனை தொடங்கினோம். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிக்கூடம் திறக்கும் சீசனுக்கு முன்னதாக ஒரு ஏஜெண்ட் வந்தார். மலைச் சைக்கிள் மாதிரி வண்டிகளும், தனி ஃபோர்க்குகளும் கொண்டுவந்தார். முன்பக்கம் மோட்டார் சைக்கிளில் இருப்பது போல மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் பளபளப்பான இரண்டு குழாய்கள். "டபுள் ஷாக்கர் சார், எந்தக் குழியில் விட்டாலும் ஒன்றும் ஆகாது" என்றார். விலையும் மலிவு. மொத்தமாக எடுத்துக்கொண்டோம்.

நல்ல விற்பனை. ஒரு நாள் எங்கள் மளிகை வாடிக்கையாளர் ஒருவர், லாரி ஓட்டுபவர், மகனின் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பிரேம் நன்றாகத்தான் இருக்கிறது. பையன் அந்த டபுள் ஷாக்கர்தான் வேண்டும் என்று அழுகிறான். ஃபோர்க்கை மட்டும் மாற்றித் தாருங்கள்" என்றார். மாற்றிக் கொடுத்தோம். "ஒன்றும் ஆகாதா?" என்று கேட்டார். "ஒன்றும் ஆகாது" என்று சொன்னவன் நான்தான்.

மூன்றாவது வாரம் பையன் கண்மாய்க் கரையிலிருந்து வண்டியோடு கீழே குதித்திருக்கிறான். காறை எலும்பு முறிந்துவிட்டது. வண்டியைக் கொண்டுவந்து பார்த்தால், நாங்கள் மாட்டிய ஃபோர்க் அப்படியே இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. பிரேமில் முன்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்தான் கிழிந்திருந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. "அண்ணாச்சி, ஒன்றும் ஆகாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார். மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டேன். கேள்விக்குத்தான் பதில் இல்லை.

வலுவான ஃபோர்க்கை மாட்டினால் வண்டி ஏன் முறிந்தது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் படித்தும், மெக்கானிக்குகளிடம் கேட்டும் அறிந்தவற்றையே இங்கே பாடமாகத் தருகிறேன்.

ஃபோர்க்கின் உறுப்புகள்

சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கவைதான் ஃபோர்க். ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கில் முக்கியமான உறுப்புகள் ஐந்து.

1. தண்டுக் குழாய். பிரேமின் முன்குழாய்க்குள் நுழைந்து மேலே போய்க் கைப்பிடியைத் தாங்குவது. வண்டி திரும்புவது இதன் வழியாகத்தான்.

2. கிரவுன். தண்டுக் குழாயையும் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் தட்டு.

3. மேல்கால்கள். பளபளப்பாகத் தெரியும் இரண்டு குழாய்கள்.

4. கீழ்க்கால்கள். மேல்கால்கள் இவற்றுக்குள் ஏறி இறங்கும். ஸ்பிரிங் அல்லது அடைத்த காற்று சுமையைத் தாங்கும். எண்ணெய் வழியாக வேலை செய்யும் தணிப்பான், ஸ்பிரிங் துள்ளாமல் நிதானமாகத் திரும்பச் செய்யும்.

5. அச்சு. சக்கரத்தை இரண்டு கால்களோடும் இணைப்பது.

ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்குமோ அதைப் பயண தூரம் என்பார்கள். மில்லிமீட்டரில் சொல்வது வழக்கம். கிரவுன் ஒன்று மட்டும் இருந்தால் அது சிங்கிள் கிரவுன், அதாவது ஒற்றைக் கிரவுன். முன்குழாய்க்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு இருந்தால் டூயல் கிரவுன், அதாவது இரட்டைக் கிரவுன். நம்மூரில் இதைத்தான் "டபுள்" என்கிறார்கள்.

இது பிறந்த இடம்

மலைச் சைக்கிள் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் மரின் கவுண்டியில் பிறந்தது. 1970களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, மண்பாதையில் இறங்குவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். 1976 அக்டோபரில் முறையான போட்டியாகவே அது தொடங்கியது. அந்தப் பாதைக்கு ரீபேக் என்று பெயர். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்து பிரேக்கின் கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடும். மறுபடியும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் வந்த பெயர் அது.

1977-ல் ஜோ பிரீஸ் என்பவர் இந்த வேலைக்கென்றே தனியாகப் பிரேம் செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்தது. பெரிய அளவில் தொழிற்சாலையில் தயாரித்து விற்கப்பட்ட முதல் மலைச் சைக்கிள் அதுதான். இவற்றிலெல்லாம் ஃபோர்க் என்பது ஸ்பிரிங் இல்லாத வெறும் இரும்புக் கவை.

மோட்டார் சைக்கிள் பந்தயத் துறையிலிருந்து வந்த பால் டர்னர், 1989-ல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க்கைக் கொண்டுவந்தார். அது அமுங்கியது சுமார் 2 அங்குலம்தான். அடுத்த ஆண்டே, 1990-ல், கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில் நடந்த முதல் உலகச் சாம்பியன் போட்டியில் கிரெக் ஹெர்போல்டு அந்த வகை ஃபோர்க் போட்ட வண்டியில் இறங்குமுகப் பந்தயத்தை வென்றார். அதன்பின் ஸ்பிரிங் ஃபோர்க் இல்லாமல் மலைச் சைக்கிள் இல்லை என்றாகிவிட்டது.

பந்தயப் பாதைகள் கடினமாக ஆக, 2 அங்குலம் போதவில்லை. 4 அங்குலம், 6 அங்குலம், பிறகு 8 அங்குலம் என்று பயண தூரம் கூடியது. கால்கள் நீளமாயின. நீளமான கால்களை ஒரே தட்டில் பிடித்தபோது அவை வளைந்தன. அப்போதுதான் மோட்டார் சைக்கிள்காரர்கள் வெகுகாலமாகச் செய்துவந்த வழியைச் சைக்கிள்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். 1990களின் பிற்பாதியில் ராக்‌ஷாக்ஸ் பாக்ஸர் போன்ற இரட்டைக் கிரவுன் ஃபோர்க்குகள் வந்தன. இத்தாலியின் மார்சோக்கி, அமெரிக்காவின் மானிட்டூ, ஃபாக்ஸ் ஆகிய நிறுவனங்களும் இறங்குமுகப் பந்தயத்துக்கென இவ்வகையைச் செய்தன.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

கொடிக்கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் மட்டும் ஊன்றினால் காற்று அடிக்கும்போது முழு வேகமும் அடியில்தான் விழும். அதே கம்பத்தைக் கடைச்சுவர் ஓரமாக நிறுத்தி, மேலே ஒரு கிளாம்ப் போட்டுப் பிடித்தால் அசைவு வெகுவாகக் குறைந்துவிடும். முதல் முறை ஒற்றைக் கிரவுன். இரண்டாவது முறை இரட்டைக் கிரவுன்.

ஒற்றைக் கிரவுனில் இரண்டு மேல்கால்களும் முன்குழாய்க்குக் கீழே உள்ள ஒரே தட்டில் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். தண்டுக் குழாயும் அதே தட்டில்தான் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் கல்லில் மோதும்போது வரும் வளைக்கும் விசை முழுவதும் அந்த ஒரு பொருத்தில் வந்து சேர்ந்து, தண்டுக் குழாய் வழியாக மேலே போகும். நாளடைவில் இந்தப் பொருத்தில் "கிரீச்" என்ற சத்தம் கேட்பது இவ்வகையின் தெரிந்த நோய். அதற்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை. மேல்பகுதியை முழுதாக மாற்றுவதே வழி.

இரட்டைக் கிரவுனில் மேல்கால்கள் முன்குழாயின் இருபுறமும் உயர்ந்து சென்று, மேலே இன்னொரு தட்டில் போல்ட் போட்டு இறுக்கப்படுகின்றன. வளைக்கும் விசையைத் தடித்த மேல்கால்களே மேல்தட்டு வரை எடுத்துச் செல்கின்றன. நடுவில் உள்ள தண்டுக் குழாய் திரும்புவதற்கான சுழல்தண்டாகவே பெரும்பாலும் வேலை செய்கிறது. நம் மோட்டார் சைக்கிள்களைப் பாருங்கள். கைப்பிடிக்கு அடியில் ஒரு தட்டு, ஹெட்லைட்டுக்குப் பின்னால் கீழே இன்னொரு தட்டு. அதே அமைப்புதான். டெலஸ்கோபிக் ஃபோர்க் உள்ள ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் கீழ்த்தட்டு மட்டும்தான் இருக்கும்.

இரட்டைக் கிரவுனின் நன்மைகள்: முன்பின்னாக வளைவது குறைவு. வளையாததால் மேல்கால் கீழ்க்காலுக்குள் சிக்காமல் வழுக்கிச் செல்லும். வேகமாக இறங்கும்போதும் முன்சக்கரம் சொன்னபடி கேட்கும். மேல்கால்களைத் தட்டுகளில் சற்று ஏற்றி இறக்கி, வண்டியின் முன் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். இதற்குத் தயாரிப்பாளர் குறித்த எல்லை உண்டு.

குறைகள்: எடை கூடுதல். விலை கூடுதல். கைப்பிடியை முழுதாகத் திருப்ப முடியாது. மேல்கால்கள் பிரேமில் இடித்துவிடும் என்பதால் அவற்றில் ரப்பர் தடுப்பு மாட்டியிருப்பார்கள். கொண்டைஊசி வளைவில் இது தொல்லை. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும் வித்தைக்காரர்களுக்கு இது ஆகவே ஆகாது. அவர்கள் ஒற்றைக் கிரவுனைத்தான் எடுப்பார்கள்.

ஒரு சிறு கணக்கு

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஃபோர்க் நன்றாக இருக்க, பிரேம் ஏன் முறிந்தது?

கடப்பாரையால் கல்லைப் பெயர்ப்பது எல்லோருக்கும் தெரியும். கைப்பக்கம் நீளம், கல்பக்கம் குட்டை. கையால் கொடுப்பது சிறிய பலம், கல்லுக்குப் போவது பெரிய பலம். சைக்கிளின் முன்பகுதியும் ஒரு கடப்பாரைதான்.

முன்குழாயின் அடியிலிருந்து சக்கர அச்சு வரை 55 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்குழாயின் நீளம் 11 சென்டிமீட்டர். கல்லில் மோதும்போது அச்சில் 40 கிலோ பலம் பின்னோக்கித் தள்ளுகிறது. 55-ஐ 11-ஆல் வகுத்தால் 5. ஆகவே முன்குழாயின் மேல்முனையில் 40 × 5 = 200 கிலோ பலம் விழுகிறது. கீழ்முனையில் அதற்கு எதிர்த்திசையில் 240 கிலோ. முன்குழாயையே பிடுங்கி எடுக்கப் பார்க்கும் இரட்டைப் பலம் இது.

இதில் முக்கியமான உண்மை ஒன்று உண்டு. கிரவுன் ஒன்றா இரண்டா என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. இரட்டைத் தட்டு போட்டாலும் முன்குழாய்க்கு 200, 240 கிலோதான். அந்தப் பலம் எதன் வழியாக வந்து சேருகிறது என்பது மட்டும்தான் மாறுகிறது.

அடுத்தது நீளம். இரட்டைக் கிரவுன் ஃபோர்க் பெரும்பாலும் நீளமானது. 55 சென்டிமீட்டர் 60 ஆனால், மேல்முனையில் விழும் பலம் 200-லிருந்து சுமார் 218 ஆகிறது. ஃபோர்க் வளையாமல் விறைத்து நிற்பதால், அதிர்ச்சியில் ஒரு பகுதியைத் தான் வாங்கிக்கொள்ளாமல் பிரேமுக்கே தள்ளிவிடுகிறது. இதற்கெல்லாம் மேலாக, "டபுள் இருக்கிறது" என்ற தைரியத்தில் ஓட்டுபவர் அதிக உயரத்திலிருந்து குதிக்கிறார். அப்போது 40 கிலோ என்பது பல மடங்காகிறது.

ஆக, இரட்டைக் கிரவுன் ஃபோர்க்கை வலுப்படுத்துகிறது, பிரேமை வலுப்படுத்துவதில்லை. வலுவான சங்கிலியில் நலிந்த கண்ணி எதுவோ அது அறும். லாரிக்காரர் மகனின் வண்டியில் நலிந்த கண்ணி அந்தப் பழைய வெல்டிங். நாங்கள் மற்றக் கண்ணியை வலுவாக்கி, பாரத்தை அங்கே தள்ளிவிட்டோம்.

இதனால்தான் நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு பிரேமுக்கும் எவ்வளவு பயண தூரம் வரை ஃபோர்க் போடலாம், இரட்டைக் கிரவுன் போடலாமா கூடாதா என்று கையேட்டில் எழுதுகின்றன. மீறிப் போட்டால் உத்தரவாதம் செல்லாது.

எந்த வேலைக்கு எது?

மண்பாதையில் ஏறி இறங்கி நெடுந்தூரம் செல்லும் கிராஸ்கன்ட்ரி வண்டிக்கு 100 முதல் 120 மில்லிமீட்டர் பயண தூரம் போதும். ஒற்றைக் கிரவுன்தான் பொருத்தம். ஏறும்போது ஒவ்வொரு நூறு கிராமும் காலுக்குத் தெரியும்.

காட்டுப்பாதை, மலைப்பாதை என்று எல்லாவற்றுக்குமான டிரெயில் வண்டிக்கு 130 முதல் 150. ஒற்றைக் கிரவுன்.

மிதித்தே மேலே ஏறி, கடினமான பாதையில் நேரக்கணக்கோடு இறங்கும் எண்டியூரோ பந்தயத்துக்கு 160 முதல் 180. இங்கும் ஒற்றைக் கிரவுன்தான், ஆனால் தடித்தது.

இறங்குவது மட்டுமே வேலை என்றால் 200 மில்லிமீட்டர், இரட்டைக் கிரவுன். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம், இத்தாலியின் வால் டி சோலே போன்ற உலகக் கோப்பைப் பாதைகளில் பாறையும் மரவேருமாகக் கிடக்கும் சரிவில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டி இறங்குவார்கள். அங்கே மேலே போவதற்கு ரோப்கார் போன்ற வசதி உண்டு. வண்டியை யாரும் மிதித்து ஏற்றுவதில்லை. எடை அங்கே பெரிய பொருட்டல்ல.

இரண்டும் நெருங்கி வந்த கதை

ஒற்றைக் கிரவுன்காரர்களும் சும்மா இருக்கவில்லை. குழாயைத் தடிமனாக்கினார்கள். சுவர் கனம் அதேயாக இருந்தால், குழாயின் விறைப்பு விட்டத்தின் முப்படியாகக் கூடும். 32 மில்லிமீட்டர் குழாயை 38 ஆக்கினால் விட்டம் ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. விறைப்போ கணக்குப்படி மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. தண்டுக் குழாயின் அடிப்பகுதியையும் ஒன்றரை அங்குலமாக அகலப்படுத்தினார்கள். மேலே ஒடுங்கி, கீழே விரிந்த அந்த அமைப்பே இன்று வழக்கம்.

2020-ல் ஃபாக்ஸ் 38, ராக்‌ஷாக்ஸ் ஜெப் என்ற இரண்டு ஒற்றைக் கிரவுன் ஃபோர்க்குகள் 38 மில்லிமீட்டர் மேல்காலோடு வந்தன. அப்போது ராக்‌ஷாக்ஸின் இரட்டைக் கிரவுன் பாக்ஸரில் இருந்ததே 35 மில்லிமீட்டர்தான். 2023-ல் பாக்ஸரும் 38 ஆயிற்று. எடையிலும் இடைவெளி குறைந்தது. தடித்த ஒற்றைக் கிரவுன் சுமார் 2.2 முதல் 2.4 கிலோ. நல்ல இரட்டைக் கிரவுன் சுமார் 2.7 முதல் 2.8 கிலோ. இன்றும் உலகக் கோப்பை இறங்குமுகப் பந்தயத்தில் இரட்டைக் கிரவுனே ஆட்சி செய்கிறது. அதற்கு ஒருபடி கீழே உள்ள எல்லா வேலைக்கும் ஒற்றைக் கிரவுன் போதும் என்ற நிலை வந்துவிட்டது.

கேனன்டேல் நிறுவனத்தின் லெஃப்டி என்ற ஃபோர்க்குக்கு இடது பக்கம் ஒரே ஒரு கால்தான். அந்த ஒற்றைக் காலை முதலில் இரண்டு தட்டுகளால் பிடித்திருந்தார்கள். 2018-ல் வந்த லெஃப்டி ஓச்சோவில் அதையும் ஒரே தட்டாகக் குறைத்துவிட்டார்கள். தட்டின் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் தரத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

நம் கடைக்கு வரும் "டபுள்"

மேலே சொன்ன நல்ல இரட்டைக் கிரவுன் ஃபோர்க்கின் விலை வெளிநாட்டுச் சந்தையில் சுமார் 2,000 டாலர். அப்படியானால் சில ஆயிரம் ரூபாய்க்கு முழு வண்டியிலேயே வரும் "டபுள்" எது? அது தோற்றத்தில் மட்டும் இரட்டைக் கிரவுன். கண்டுபிடிப்பது கடினமல்ல.

மேல்கால்களைக் காலிபரால் அளந்து பாருங்கள். மெல்லிய இரும்புக் குழாயாக இருக்கும். அழுத்திப் பாருங்கள். 2, 3 அங்குலத்துக்குமேல் அமுங்காது. இவ்வளவு குறைந்த பயண தூரத்துக்கு இரண்டாவது தட்டே தேவையில்லை. அழுத்திக் கையை எடுத்ததும் பந்துபோலத் துள்ளி எழுந்தால், உள்ளே வெறும் ஸ்பிரிங்தான், எண்ணெய்த் தணிப்பான் இல்லை என்று பொருள். அச்சைப் பாருங்கள். நல்ல ஃபோர்க்கில் தடித்த அச்சு இரண்டு கால்களின் துளைக்குள்ளும் ஊடுருவி நிற்கும். மலிவு ஃபோர்க்கில் திறந்த வாயில் சாதாரண அச்சை வைத்து நட் போட்டிருப்பார்கள். மேல்தட்டைத் தட்டிப் பாருங்கள். தகட்டை மடித்துச் செய்ததாக இருந்தால், அது வேலைக்கு அல்ல, அழகுக்கு.

இந்த வண்டிகளை விற்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடம் போக, கடைத்தெரு போக இவை போதும். ஆனால் இரும்பின் எடையைச் சுமந்து, அதற்கான பயனைப் பெறாத வண்டி இது என்பதை விற்பவர் அறிந்திருக்க வேண்டும். அதே விலையில் ஸ்பிரிங் இல்லாத சாதாரண ஃபோர்க் போட்ட வண்டி கிடைத்தால், அது எடை குறைந்து, நெடுநாள் உழைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதற்கு இதில் தனி அத்தியாயமே உண்டு. "நான் செய்த பொருளா? விற்றது மட்டும்தானே?" என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. தயாரிப்பாளராக இல்லாத விற்பனையாளரும் எப்போதெல்லாம் பொறுப்பாவார் என்று 86-ஆம் பிரிவு வகுத்துச் சொல்கிறது. அதில் நம் பாடத்துக்கு உரியவை நான்கு.

1. விற்பனையாளர் பொருளை மாற்றி அமைத்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமாக இருந்தால்.

2. தயாரிப்பாளர் கொடுத்த உறுதி ஒருபுறமிருக்க, விற்பனையாளர் தாமாக ஓர் உறுதி கொடுத்து, பொருள் அதன்படி இல்லாமல் தீங்கு நேர்ந்தால்.

3. தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத பொருளாக இருந்தால்.

4. பூட்டுவதிலும் சோதிப்பதிலும் நியாயமான கவனம் காட்டாமல், அல்லது தயாரிப்பாளரின் எச்சரிக்கைகளை வாடிக்கையாளரிடம் சேர்க்காமல், அதனால் தீங்கு நேர்ந்தால்.

இந்த நான்கையும் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. ஃபோர்க்கை மாற்றியது நாங்கள். "ஒன்றும் ஆகாது" என்று உறுதி சொன்னது நான். அந்த ஃபோர்க்கில் பெயரே இல்லை. பிரேம் தாங்குமா என்று யாரும் சோதிக்கவில்லை. நான்கில் ஒன்று போதும், நான்குமே என் பக்கம் இருந்தன. அந்த லாரிக்காரர் நல்ல மனிதர் என்பதால் வழக்கு வரவில்லை. எல்லா வாடிக்கையாளரும் அப்படி இருப்பார்கள் என்று எண்ணிக் கடை நடத்த முடியாது. வழக்கு வரவில்லை என்பதால் நாம் செய்தது சரி என்றும் ஆகிவிடாது.

கடைக்காரர் கடைப்பிடிக்க வேண்டியவை

கொள்முதலில்: தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாடல் எண் இல்லாத ஃபோர்க்கையோ வண்டியையோ எடுக்காதீர்கள். பில் இல்லாமல் எடுக்கவே வேண்டாம். பில்தான் நாளை நமக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு ஆதாரம். மாதிரி ஒன்றை எடுத்து, மேலே சொன்ன சோதனைகளைச் செய்த பிறகே மொத்தமாக எடுங்கள்.

விற்பனையில்: முதலில் கேட்க வேண்டியது "எங்கே ஓட்டப் போகிறீர்கள்?" என்பதுதான். வீதியில் ஓட்டுபவருக்கு இரட்டைக் கிரவுனால் ஒரு பயனும் இல்லை என்பதை நேராகச் சொல்லுங்கள். கையேட்டைப் பிரித்து, எச்சரிக்கைப் பக்கத்தை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். "குதிக்கலாம், ஒன்றும் ஆகாது" என்ற சொல் கடையில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. வேலைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மாற்றுவதில்: பிரேமின் கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டும் ஃபோர்க்கை மாற்றுங்கள். பழைய ஃபோர்க்கின் நீளத்தையும் புதியதின் நீளத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். கையேடு இல்லாத பழைய வண்டிக்கு நீளமான ஃபோர்க்கோ இரட்டைக் கிரவுனோ போட மறுத்துவிடுங்கள். ஒரு வியாபாரம் போகும். ஒரு குடும்பம் தப்பும்.

பராமரிப்பில்: விலை உயர்ந்த ஃபோர்க் விற்கும் ஊர்களில், தட்டு போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ரிஞ்ச் கொண்டுதான் இறுக்க வேண்டும். கூடினால் குழாய் நசுங்கி, கால் சிக்கும். குறைந்தால் நழுவும். கீழ்க்கால்களின் எண்ணெயைச் சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அந்த வேலை தெரிந்த ஆள் இல்லாமல் அந்தப் பொருளை விற்பது முறையல்ல.

முடிவாக

மீதமிருந்த பெயரில்லாத ஃபோர்க்குகளை ஏஜெண்ட் திரும்ப எடுக்கவில்லை. பழைய இரும்பு விலைக்குப் போட்டோம். விற்ற வண்டிகளில் முகவரி தெரிந்த வீடுகளுக்கெல்லாம் மைத்துனரே நேரில் போய், "வீதியில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள், குதிக்க விடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்தார். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டார். பெரும்பாலோர், விற்ற பிறகும் வீடு தேடி வந்து சொல்கிறார்களே என்று நன்றி சொன்னார்கள்.

லாரிக்காரர் இன்றும் நம் கடையில்தான் மளிகை வாங்குகிறார். பையனுக்கு எலும்பு கூடிவிட்டது. அவன் அடுத்து வாங்கியது ஸ்பிரிங் இல்லாத சாதாரண ஃபோர்க் போட்ட சைக்கிள். பூட்டும்போது அவர் பக்கத்தில் நின்று, "இது தாங்குமா அண்ணாச்சி?" என்று கேட்டார். இந்தத் தடவை நான் உடனே பதில் சொல்லவில்லை. கையேட்டைப் பிரித்து, எவ்வளவு தாங்கும், எதற்குத் தாங்காது என்று இருவருமாகப் படித்துப் பார்த்தோம்.

நாம் விற்கும் எந்தப் பொருளாக இருந்தாலும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். பதில் சொல்லும் முன் நாம் படித்திருக்க வேண்டும்.